அக்காவின் படத்துக்காகக் காலி செய்த அறை

என் அன்பான பெரியக்கா,

நீ செத்துப்போய் முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. ஆறுதலாக உட்கார்ந்து உனக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் போய்ச் சொல்ல?

முப்பத்தொன்று அன்று உன் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். முதல் பக்கத்தில் உன் ஆய்வு நிலையப் பணிப்பாளரின் அஞ்சலி. "தலைச்சுற்றுக்கு மருந்து கண்டுபிடித்த மண்ணின் மகள்" என்று எழுதியிருக்கிறார். மருந்தாம்! பந்தியில் இருந்தவர்கள் வாசித்துவிட்டுத் தலையாட்டினார்கள். கையில் சோற்றுச் சட்டியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு கெட்டுப்போனாலும், கண்ணையும் காலையும் நம்பி நிற்க மூளை மறுபடி பழகிக்கொள்ளும் என்பதைத்தானே வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் இத்தனை வருடம் இருந்து பார்த்தாய்? மாதக்கணக்கில் தலைச்சுற்றுக் குளிசை விழுங்கினால் மூளை அதைப் பழகாது, ஆளை நடக்க விடுங்கள், தலையைத் திருப்ப விடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினாயே. அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்து இந்த ஆய்வு நிலையத்தில் சேர்ந்ததும் அதற்காகத்தானே?

உன் மேலும் எனக்குக் கோபம்தான். எல்லாக் கட்டுரைகளையும் ஆங்கிலத்திலேயே எழுதினாய். நம் சனத்துக்கு விளங்குகிற மாதிரித் தமிழில் ஒரு பக்கம் எழுது என்று கேட்டால், "பொறு புள்ள, நேரம் வரட்டும்" என்பாய். வந்ததா நேரம்?

இன்னும் இருக்கிறது, கேள். நிலையத்தில் நோயாளிகளை நீயும் நானும் நடக்கப் பழக்கிய அறையை உன் பெயரில் நினைவு மண்டபம் ஆக்கிவிட்டார்கள். தரையில் நீ ஒட்டிய கோடுகளை உரித்துவிட்டார்கள். நோயாளிகள் ஏறி நின்று பழகிய பஞ்சு மெத்தைகள் பின்பக்கத்தில் மழையில் ஊறிக் கிடந்தன. அறை நிறைய நாற்காலி. சுவரில் உன் பெரிய படம், அதற்கு ஒரு மாலை. நேரே பணிப்பாளரிடம் போனேன்.

"இஞ்ச வந்த ஆக்கள் இனி எங்க போற, சேர்?"

"அதுக்கென்ன தங்கச்சி, குளிசை இருக்குத்தானே. உங்கட அக்காவுக்கு நாங்க செய்யிற மரியாதை இது. நீங்க சந்தோசப்பட வேணும்."

நீ உயிரோடு இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருப்பாரா? பிசியோதெரபி படித்து, உன்னோடு இத்தனை நாள் வேலை செய்த என்னிடமே குளிசை இருக்கிறது என்கிறார்!

காத்தான்குடியிலிருந்து வருகிற பரீதாவை நீ மறந்திருக்கமாட்டாய். காதுக்குள் கிருமி தொற்றி, தையல் மெஷினுக்கு முன்னால் நிமிர்ந்து இருக்கக்கூட முடியாமல், இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்த பெண். நீ போகிற நேரம் தனியாக நடக்கத் தொடங்கியிருந்தாள். அறை போனதும் அவளைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மணலும் காலுக்கு மெத்தை மாதிரித்தானே என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடந்தாள். பந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறாளாம். ஒருவன் போனில் படமும் எடுத்தான். பாய்ந்து போய் ஏசி அதை அழிக்க வைத்தேன். திரும்பி வந்தபோது பரீதா மணலில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம் மிஸ். ஆக்கள் பாக்கக்குள்ள என்னால ஏலா. நான் குளிசையே குடிக்கிறன்."

அதோடு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டுப் படுத்திருந்தாள். எழுந்து நிற்கவே மறுபடி ஆள் வேண்டியிருந்தது. யாரும் பார்க்காமல் தள்ளாடிப் பழக நாலு சுவருள்ள ஓர் இடம்தானே அக்கா அவள் கேட்டது? அதையும் உன் படத்துக்குக் கொடுத்துவிட்டார்களே!

வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத் திறப்பு. குத்துவிளக்கு ஏற்ற என்னை அழைத்திருக்கிறார்கள். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு பரீதாவிடம் போய் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். அவள் படுத்தபடியே கேட்டாள்.

"கதவச் சாத்துவீங்களா மிஸ்?"

"ஓம். நானே சாத்துறன்."

அதனால் வருகிறேன் என்று பணிப்பாளருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். விளக்கை ஏற்றுவேன், அது உனக்கு. பிறகு அங்கிருக்கிற எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்புவேன், பணிப்பாளரையும் சேர்த்துத்தான். நாற்காலிகளை ஒதுக்குவேன், வெயிலில் காயவைத்திருக்கிற மெத்தைகளை விரிப்பேன், பரீதாவை உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்துவேன். பொலிசைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடட்டும். இது உனக்கு நான் தருகிற வாக்கு. உன் படத்தையும் கழற்றி வைத்துவிடுவேன் அக்கா, கோபிக்காதே. பரீதாவுக்குக் கை ஊன்ற அந்தச் சுவர் வேண்டும்.

உன்னோடு சண்டை பிடித்தே வளர்ந்த தங்கச்சி,
வசந்தி