இடது கன்னம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அவர் சாப்பிடவில்லை. மசித்த உருளைக்கிழங்கு ஒரு ஸ்பூன் உள்ளே போனதும் முகம் சுருங்கியது, துப்பிவிட்டார். இரண்டாவது ஸ்பூனை நீட்டினேன். இடது கையால் ஓங்கித் தட்டினார். கிண்ணம் சுவரில் மோதி உருண்டது. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனதிலிருந்து எவ்வளவோ பார்த்துவிட்டேன். என்மேல் இப்படிக் கோபப்பட்டதில்லை. கோபம்தானா அது?

அவருடைய அக்கா சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கு வாழ்க்கை வெறுத்துப்போச்சு. ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணினவன், ஒரு படி ஏற முடியலன்னா எப்படி இருக்கும்? ரொம்ப வற்புறுத்தாதம்மா. விட்டுடு."

விடுவதா? எதை?

மார்ச் 5, வியாழன்

நேற்று முழுக்க இடது காதைத் தட்டிக்கொண்டே இருந்தார். இன்று சக்கர நாற்காலியில் இவரைக் காது டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது கண்ணாடி மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் இவர் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தார். நாற்காலி சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட ஒரு முனகல்.

மார்ச் 6, வெள்ளி

இளைத்து இளைத்து, அவர் சட்டைக்குள் ஆள் இல்லாதது போல் இருக்கிறது.

மார்ச் 7, சனி

பக்கவாதத்துக்குப் பார்க்கிற டாக்டர் வந்தார். "இந்த நோய்க்கு அப்புறம் மனசு உடைஞ்சு சாப்பாட்டை வெறுக்கிறது சகஜம்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்."

இவர் எதிரிலேயே சொன்னார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் புரிகிறது இவருக்கு! எங்கே வலிக்கிறது என்று நானும் கேட்காமலா இருந்தேன்? காதா, தலையா, வயிறா — எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டல். ஆமாவும் இல்லையும் அவருக்குள் இடம் மாறிக் கிடக்கின்றன.

மார்ச் 9, திங்கள்

நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தீய்த்துவிட்டேன். புகை வரும்வரை தெரியவில்லை. முதலாளியம்மா திட்டவில்லை. "உன் மனசு இங்க இல்ல. வீட்டுக்குப் போ" என்றார். அதற்குத்தான் கண்ணீர் வந்தது.

வீட்டில் அக்கா கதவருகிலேயே பிடித்துக்கொண்டார். "சூப்பை வாயில வச்சேன், துடிச்சுப்போயிட்டான். ஃப்ரிட்ஜ் தண்ணி மட்டும் வேணுமாம். அதையும் விழுங்காம வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

போய்ப் பார்த்தேன். தலையை இடப்பக்கம் சாய்த்து, அந்தக் கன்னத்துக்குள் தண்ணீரை நிறுத்தியிருந்தார். அது வெதுவெதுப்பானதும் கண்ணை இறுக்கி மூடித் தண்ணீரை வாயிலிருந்து வழியவிட்டு, டம்ளரை மறுபடி காட்டினார். குளிர்ச்சி இருக்கும்வரை முகத்தில் ஒரு சாந்தம்.

சூப் பட்டுத் துடித்தாராம்; காதுக்குள் எப்படிச் சூப் போகும்? வாய்! அட கடவுளே, வாய்!

அவர் இடது கையை எடுத்து என் கைக்குள் வைத்தேன். "பல்லு வலிக்குதாங்க? தலையாட்ட வேண்டாம். வலிச்சா கையை அழுத்துங்க." விரல் நொறுங்கிவிடும் போல் அழுத்தினார். விடவே இல்லை. நான் அழுதேனா, அவர் அழுதாரா, தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

காலையிலேயே பல் டாக்டரம்மாவிடம் போனோம். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாக லேசாகத் தட்டி வந்தார். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் தட்டியதும் இவர் நாற்காலியில் துள்ளிவிட்டார். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம்.

"வேரைச் சுத்திச் சீழ். புண் ஆறாம இருந்தா அங்க இருக்கிற நரம்பு நுனியெல்லாம் புதுசா கிளை விட்டுடும். அப்புறம் நாக்கு பட்டாக்கூட உயிர் போகும்."

"காதைத்தான தட்டினார்?"

"ரெண்டுக்கும் ஒரே பெரிய நரம்புலருந்துதான் கிளை போகுது. எங்கருந்து வலி வருதுன்னு மூளையே ஏமாந்துடும்மா. பேச முடிஞ்சவங்களே மாத்திச் சொல்வாங்க."

மரப்பு ஊசி போட்டுக் காத்திருந்து, துளையிட ஆரம்பித்தார். அவர் பிடித்திருந்த என் கை நெரிந்தது. "நிறுத்துங்க! அவருக்கு வலிக்குது!" என்று கத்திவிட்டேன். உடனே நிறுத்தினார். "சீழ் பிடிச்ச இடத்துல மருந்து சரியா வேலை செய்யாது. நல்ல வேளை சொன்னீங்க." வேறு இடத்தில் இன்னொரு ஊசி. மறுபடி காத்திருந்தோம். இந்த முறை கை என் கைக்குள் சும்மா கிடந்தது. பல் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

குழாயை நிறுத்திவைக்கச் சொல்லி டாக்டருக்குப் போன் செய்தேன். "ரெண்டு நாள் தர்றேன்" என்றார், நம்பாத குரலில்.

மார்ச் 11, புதன்

மூன்று ஸ்பூன். அதோடு வாயை மூடிக்கொண்டார். பல்லைத் திறந்ததில் கன்னம் வீங்கியிருக்கிறது. வலியா, வலி வரும் என்ற பயமா? ஒருவேளை அக்கா சொன்னதும் பாதி உண்மையோ? பல் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்? நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

ஒரு கிண்ணம் சூப். மிச்சமில்லை. டாக்டர் போனில், "சரி, பார்ப்போம்" என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

மதியம் அவருக்கு ஊட்டி முடித்து, அவர் பக்கத்திலேயே என் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கையை நீட்டி என் தட்டிலிருந்த பொரித்த முட்டையை எடுத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தபடியே, நிதானமாக மென்றார். நான் எழுந்து போய் எனக்கு இன்னொன்று பொரித்துக்கொண்டேன்.