காம்புப் பக்கத்துத் துண்டு

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே புலம்புவேன் என்று நீ கேலி செய்வாய். அதனால் இந்த முறை நலம் என்று எழுதவே இல்லை.

நீ அனுப்பிய வெள்ளரி விதைகளில் ஆறு முளைத்துவிட்டன. துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கிற இரண்டடி மண்ணில் ஊன்றினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலை, குழந்தைக் காது மாதிரி.

போனில் ஏன் சரியாகப் பேசுவதில்லை என்று கேட்டாயே. வீட்டுக்காரம்மா அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகை. அவள் எங்கள் கேன்டீன் சூப்பர்வைசருக்குக் கூடப்பிறந்த அக்கா. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்கு வாயும் உண்டு.

விஷயம் இதுதான். அந்தக் காய்ச்சலோடு போன ருசியும் வாசனையும் திரும்பி வரவில்லை. நாலு மாதம் ஆகிறது. உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். நூற்றிருபது தையல்காரர்களுக்கு மதியச் சாப்பாடு ஆக்குகிறவளின் நாக்கு, இப்போது பேசுவதற்கு மட்டும்தான் உதவுகிறது. கரண்டியால் அளந்து உப்பைப் போட்டுவிட்டு, முதல் ஆள் முதல் வாய் வைக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே தெரிந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். இந்த வயதில் வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்?

கூடக் காய் நறுக்குகிறாளே, கண்ணாடிக்காரி, அவளை நினைத்தால்தான் பயம். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், என் பாத்திரத்து மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள். கண்ணாடி முழுக்க ஆவி படிகிறது. துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறாள். என்னத்தைக் கண்டுபிடிக்கிறாள்? யாரிடம் சொல்லப் போகிறாள்?

உன்னைத் தவிர யாருக்கும் இது தெரியக் கூடாது.

உன் அக்கா


பிப்ரவரி 10

அன்பு அக்காவுக்கு,

பண்ணையில் நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். உப்பு கூடினால் திட்டோடு போகும். கேஸ் கசிந்தால்? வாசனை தெரியாமல் நீ பாட்டுக்குத் தீக்குச்சியை உரசுவாயே! முதலில் ஜன்னலைத் திற, பிறகு அடுப்பைத் தொடு. படுக்கப் போகுமுன் சிலிண்டரை மூடு. என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்.

சூப்பர்வைசரிடம் நீயே சொல்லிவிடு, அக்கா. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பாய்? சொல்ல முடியாவிட்டால், ருசி பார்க்க நம்பிக்கையான ஒரு ஆளையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

வெள்ளரிக்கு வருகிறேன். ஆறில் நாலை மட்டும் விட்டுவை, நெருக்கினால் ஒன்றும் தேறாது. கயிறு கட்டி மேலே ஏற்று. காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் ஊற்று. இலையை நனைத்தால் புள்ளி விழுந்து நோய் வரும். அடியில் காய்ந்த சருகைப் பரப்பு. முதலில் வருவதெல்லாம் ஆண்பூ, கொட்டிப்போகும், பதறாதே. பின்னால்தான் இடுப்பில் பிஞ்சைச் சுமந்துகொண்டு பெண்பூ வரும்.

வேர் மட்டும் காயவே கூடாது. நாலைந்து நாள் காய்ந்தால் காய் கசந்துவிடும். கடுங்கசப்பு வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். காம்புப் பக்கத்தில்தான் கசப்பு அதிகம் இருக்கும். அங்கே ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் மீதியைச் சாப்பிட வேண்டும்.

எழுதிய பிறகுதான் உறைக்கிறது. நீ எப்படிப் பார்ப்பாய்?

உன் வாலு


மார்ச் 26

என் வாலு,

காய்த்துவிட்டதடி! முதல் காயைச் செடியடியிலேயே நின்று கடித்தேன். ருசி தெரியவில்லை. ஆனால் ‘கடுக்’கென்று ஒரு சத்தம், பல்லில் சில்லென்று தண்ணீர். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எதையோ சாப்பிட்ட மாதிரி இருந்தது. கல்லின்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்புறம் வந்தது சோதனை. தெருக்குழாயில் ஐந்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. குடிக்கவே இல்லாதபோது கொடிக்கு எங்கே ஊற்றுவது? இலையெல்லாம் துவண்டு தொங்கியது. நேற்று முன்தினம் தண்ணீர் வந்ததும் நிமிர்ந்துகொண்டது. காய் என்னவோ பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனால் நீ எழுதியது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

நேற்று மூன்று காயைக் கேன்டீனுக்குக் கொண்டுபோய், காம்புப் பக்கத்துத் துண்டுகளை மட்டும் கண்ணாடிக்காரியிடம் நீட்டினேன். “எங்க வீட்டுக் காய். எப்படி இருக்குன்னு சொல்லு.” மூன்றையும் மென்று தின்றாள். முகம் சுளிக்கவே இல்லை. “நல்லாருக்குக்கா” என்றாள். அப்பாடா என்று இருந்தது.

இன்னொன்றும் தோன்றுகிறது. அவள் மூடியைத் தூக்குவது என்னைக் காட்டிக்கொடுக்க இல்லையோ? இதுவரை சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லையே. உப்பு குறைந்தால் அவளே சத்தமில்லாமல் போட்டுவிடுகிறாள் போலிருக்கிறது. இத்தனை நாள் அவளைப் பார்த்துப் பயந்தேனே, பாவி! நீ சொன்ன நம்பிக்கையான ஆள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

நாளைக்கு ஒரு கூடை காயைக் கொண்டுபோய் எல்லாருக்கும் வைக்கப் போகிறேன்.

உன் அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. நீ ‘நாளைக்கு’ என்று எழுதிய நாள் போய் மூன்று நாள் ஆகிறது. காலையிலிருந்து போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐந்து நாள் அந்த வெயிலில் காய்ந்த கொடியில் காம்புப் பக்கம் கசக்காமல் இருக்கவே முடியாது. நான் பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதை மூன்று துண்டு தின்றுவிட்டு ஒருத்தி முகம் சுளிக்கவில்லை என்றால், அவளுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் கேள்.

ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

நீ பயந்தபடியே ஆகிவிட்டது.

வட்டம் வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, தட்டுத் தட்டாக வைத்தோம். முதல் மேசையில் ஒருவன் ‘தூ’ என்று துப்பினான். அடுத்து இன்னொருவன். “என்னக்கா, வேப்பங்காயா?” என்று சிரித்தார்கள். பொத்தான் தைக்கிற பெண் ஒருத்தி, கூச்சப்பட்டுத் துப்பாமல் விழுங்கியிருக்கிறாள். அரை மணியில் வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செத்துவிடுவாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுள் புண்ணியம், சாயங்காலம் நடந்தே திரும்பி வந்தாள்.

கண்ணாடிக்காரியை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“கசக்குதுன்னு ஏன்டி சொல்லல?”

“கசந்துச்சா?” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. “எனக்கெப்படிக்கா தெரியும்? அந்தக் காய்ச்சல்லயே எல்லாம் போயிடுச்சு. சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயம். நீங்கதான் ருசி பாக்குறீங்களேன்னு தைரியமா இருந்தேன்.”

“அப்போ தினம் தினம் மூடியத் தூக்கிப் பாத்தியே?”

“இன்னிக்காவது வாசன வருதான்னு பாப்பேன்க்கா.”

இரண்டு குருடிகள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம், வாலு. பின்னால் நூற்றிருபது பேர்.

சூப்பர்வைசர் வந்தார். “யாரு நறுக்குனது? வாயில போட்டுப் பாக்கலயா?” அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் சார் நறுக்குனேன். பாக்கல” என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காய் என் வீட்டுக் காய். கொண்டுபோனது நான். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் மேலங்கியைக் கழற்றி, மடித்து, ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அவ்வளவு பயம்.

என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள வாலுவுக்கு,

உன் பதில் வரவில்லை. தினமும் தபால்காரரிடம் கேட்டுவிட்டு, இந்த வாரம் கேட்பதை நிறுத்திவிட்டேன். நீ எழுதாமல் இருப்பதுதான் பதில் என்று புரிகிறது.

புதிதாக ஒருத்தி நறுக்க வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் ருசி பார்க்கிறாள். “உப்பு ஒரு கல்லு கூட, பெரியம்மா” என்கிறாள். இனி எனக்கு என்ன பயம் என்று நினைப்பாய். அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கொடிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். கசந்த காயையெல்லாம் பறித்துப் போட்டுவிட்டேன், புதுப் பிஞ்சு பிடித்து இப்போது முற்றாத காயாக நிற்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு காயைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்காரி வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தவள், இன்னும் ஏதோ புகார் வந்திருக்கிறது என்று நடுங்கிவிட்டாள்.

“நாளைக்குக் காலையில சூப்பர்வைசர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். உன்னப் பத்தியும் சொல்லட்டுமா, வேணாமா? அதக் கேக்கத்தான் வந்தேன்” என்றேன்.

“உங்க வேல போயிடுமேக்கா.”

“போகட்டும்.” சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். “நானும் வரேன்” என்றாள். “தனியாப் போனா நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க.”

சுருக்கென்றது. ஆனால் பொய்யா சொன்னாள்?

அவள் மாமியார் ஒரு காயை எடுத்து, காம்புப் பக்கத்துத் துண்டை நறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். நாங்கள் இருவரும் அந்த அம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மென்று முடித்து, “கசக்கல” என்றாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் கடித்தோம்.

நாளைக் காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் போகிறோம். பயமாகத்தான் இருக்கிறது, என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். என்ன ஆனாலும் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உனக்குப் போன் செய்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுக்க மாட்டேன். வீட்டுக்காரம்மா கேட்டால் கேட்கட்டும்.

எடுப்பாயா?

உன் அக்கா