றஷ்மி சொன்ன பாவம்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகன் எட்வேட்டுக்கு,

அப்பா எழுதுவது. எழுதுவது என்றால் நான் வாயால் சொல்கிறேன், பக்கத்து வீட்டு நஸீறா எழுதுகிறா. ஆண்டவருடைய இரக்கத்தால் எனக்குப் பெரிதாகக் குறையொன்றும் இல்லை, கால் வீக்கம் மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீயும் மருமகள் றஷ்மியும் பேரனும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலையில் உங்களை விடாமல் வேண்டிக்கொள்கிறேன். ரெலிபோன் இருக்க இந்த மனுசன் ஏன் கடதாசியில் வருகிறார் என்று யோசிப்பாய். ரெலிபோனில் நீ என்னைச் சொல்லி முடிக்க விடமாட்டாய் மகன், இடையில் விழுந்து பாவமப்பா அவள் என்பாய். அதோடு இந்த வீட்டில் நான் தும்மினாலும் உன் தங்கச்சி பிறிஜெற்றுக்குக் கேட்கும், கேட்ட ஒவ்வொரு சொல்லையும் அவள் பிறகு பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். அதனால்தான் நஸீறா வீட்டுக் குசினியில் வந்து இருக்கிறேன். எங்கள் கோயில் ஆட்களிடம் எழுதுவித்தால் அடுத்த பூசைக்கு முன் தெருவுக்கே தெரிந்துவிடும். நஸீறா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவா, கடதாசி பின்னால் தபாலில் வரும்.

தங்கச்சிக்கு இருக்கிறது என்ன என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் முழுக்கச் சொல்கிறேன். பூசையில் நன்மை வாங்கும்போது சுவாமி கையில் வைக்கிற அப்பத்தின் தூள் விரலில் ஒட்டியிருக்கும், அது நிலத்தில் விழும், யாரோ மிதிப்பார்கள், அது தன்னுடைய சாவான பாவம் என்ற எண்ணம் அவளுக்குள் ஏறிவிட்டது. பூசை முடிந்து சனம் போன பிறகும் குனிந்து குனிந்து நிலத்தைப் பார்ப்பாள். கோயில் கூட்டுகிறவர் ஒருநாள், பிள்ளை நான் கூட்டினதை நீ திருப்பிக் கூட்டினால் என்ரை சம்பளத்தை வெட்டிப்போடுவாங்கள் என்று பகிடியாகத்தான் சொன்னார், அவள் அதற்கும் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தால், எல்லாவற்றையும் சொன்னேனா, சரியாகச் சொன்னேனா என்ற ஐமிச்சம் வந்துவிடும். அதே சுவாமியிடம் திரும்பிப் போக வெட்கப்பட்டு, பஸ் பிடித்துக் கல்கிசையில் வேறு சுவாமியிடம் போனாள், அங்கிருந்து இரத்மலானைக்குப் போனாள். வெள்ளவத்தையில் அந்தப் பாமசி வேலையை விட்டதும் இதனால்தான். கொடுத்த குளிசை சரிதானா என்று ஆட்களுக்கு ரெலிபோன் எடுத்து எடுத்துக் கேட்டால் எந்த முதலாளி வைத்திருப்பான். உனக்கு நாங்கள் சொன்னது முதலாளி சரியில்லை என்று. அவர் நல்ல மனுசன்.

இப்போது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகப் போகிற ஒரு ஒழுங்கையில் சிஸ்ரர் யூஜினா என்று ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். கன்னியாஸ்திரிதான், ஆனால் மன வருத்தங்களுக்குப் படித்தவ. ரயில் போகும்போது அறை அதிரும், அவ பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிப்பா. முதல் நாளே என்னிடம் சொன்னா, ஐயா இது விசுவாசக் குறைவும் இல்லை, பேயும் இல்லை, ஒரு வருத்தம், சில பேருக்கு இது கைகழுவுறதில வரும், சில பேருக்குக் கதவுப் பூட்டில வரும், உங்கட மகளுக்குக் கோயில் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கு என்று. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் குளிசையும் எழுதிக் கொடுத்தார், அதையும் சிஸ்ரர் விடாமல் எடுக்கச் சொன்னா. எங்கள் கோயில் சுவாமியோடும் அவ கதைத்து ஒரு ஒழுங்கு செய்திருக்கிறா. பாவசங்கீர்த்தனம் மாதம் ஒருதரம், அந்த ஒரு சுவாமியிடம் மட்டும். மன்னிப்புக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் போனால் அவர் கேட்கமாட்டார். செபமாலையில் மணி தவறிப்போனால் தவறினபடியே மேலே சொல்லிக்கொண்டு போக வேண்டும். அதோடு வீட்டில் ஒருவரும் பாவமா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது.

இந்தக் கடைசி ஒழுங்குதான் மகன் என்னை வாட்டியது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் கண்ட காட்சி மறக்காது என்று உனக்குத் தெரியும். ஹாபரில் வின்ச்சில் நின்ற காலத்தில் எந்தக் கப்பலில் என்ன சாமான் எந்த மூலையில் கிடந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அவளுக்கும் அது தெரியும். அப்பா உங்களுக்குத்தானே எல்லாம் ஞாபகம், நான் நன்மை வாங்கினபோது கையைத் தட்டினேனா, விரலை நக்கினேனா, அம்மாவின் செத்தவீட்டுப் பூசையில் எப்படி வாங்கினேன் என்று கேட்பாள். நான் கண்டதைச் சொல்வேன், முகம் தெளியும், சோறு தின்பாள், பிறகு முதலிலிருந்து கேட்பாள். சிஸ்ரர் இதைக் கேட்டுவிட்டு, ஐயா உங்கட ஞாபகத்தை அவவுக்குக் குடுக்காதேங்கோ என்றா. அப்போ மறந்துபோச்சு என்று சொல்லவா, அது பொய்யல்லவா என்றேன். பொய் சொல்லச் சொல்லேல்லை, ஞாபகம் இருக்கு ஆனால் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ, அதுதான் உண்மை என்றா. அவ்வளவுதான் என்றால் பொறுக்கலாம். நெற்றிச் சிலுவையையும் ஒருதரத்துக்கு மேல் போடக்கூடாது என்றுவிட்டா. செபம் முடிந்து பிள்ளை தோத்திரம் சொல்லி நெற்றியைக் காட்டினால் தகப்பன் சிலுவை போட வேண்டும், நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். இவள் அது நேராக விழவில்லை, விரல் சரியாகப் படவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்பாள், நானும் ஆசீர்வாதத்துக்கு அளவு உண்டா என்று போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது ஒருதரம் போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அவள் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்பாள். மகன், என் கை பிறகு அப்பன் கையாகவே இல்லை.

ஆனாலும் அது வேலை செய்தது. போன ஞாயிறு அவள் நன்மை வாங்கிவிட்டு வாங்கில் வந்து குந்தி உள்ளங்கையைப் பார்க்கவில்லை. நிலத்தையும் பார்க்கவில்லை. வெளியில் வந்து பேக்கரியில் எங்கள் இருவருக்கும் மீன் வைத்த மாலு பாண் வாங்கி, தன்னுடையதை நன்மையை வாயில் வைத்த அதே விரல்களால் பிய்த்துத் தின்றாள். உறைப்பு என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் நான் என்னுடையதைத் தின்னவில்லை, கடதாசியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வந்த பிறகுதான் அவள் போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். நன்மை வாங்கின விரலால் தின்றது பாவமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள். நானும் சுவாமியும் வாயை மூடின நாளிலிருந்து உன்னிடம்தான் கேட்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ வேலைத்தலத்திலும் வீட்டிலும் கிடைத்த நேரத்தில் பதில் அனுப்பியிருக்கிறாய், உன் நல்ல மனசுக்கு வேறு எப்படிச் செய்வாய். அன்றைக்கு நீ குரலில் அனுப்பினது, அதில ஒண்டும் இல்லை தங்கச்சி, போய்ச் சாப்பிடு என்பது. உனக்குப் பின்னால் றஷ்மி நின்று பாவம் என்று சொன்னது அதில் விழுந்திருக்கிறது.

ஐயோ பாவம் இந்தப் பிள்ளை என்ற அர்த்தத்தில் மருமகள் சொன்ன சொல் அது, கேட்டவுடன் எனக்குத் தெரிந்தது. பிறிஜெற்றுக்கு அது தீர்ப்பாக விழுந்தது. அண்ணா இல்லை என்றவர், அண்ணி பாவம் என்றா, அண்ணிக்குப் பொய் சொல்ல வராது என்று பிடித்துக்கொண்டாள். நான் சிஸ்ரர் சொன்ன ஒழுங்கை மறந்து விளக்கம் சொல்லப் போனேன். இரக்கப்பட்டுச் சொன்னது பிள்ளை, நாங்கள் எல்லாரும் ஒரு நாளைக்கு எத்தனை தரம் பாவம் பாவம் என்கிறோம், பூனைக்கும் சொல்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் ஆறினாள். பிறகு, இரக்கம் என்றால் இழுத்தல்லவா சொல்வார்கள், அண்ணி வெட்டிச் சொன்னா என்றாள். போட்டுக் கேட்டாள், திரும்பப் போட்டுக் கேட்டாள், கடைசியில் என்னையும் பக்கத்தில் இருத்திக் கேட்கவைத்தாள். இழுத்ததா வெட்டியதா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. போன வியாழன் அவள் சிஸ்ரரிடம் வெள்ளவத்தைக்கு வரவில்லை. வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறாள். இன்றைக்குப் பூசைக்கு வந்தவள் கடைசி வாங்கில் இருந்தாள், நன்மைக்கு எழும்பவில்லை.

இதை வாசித்தவுடன் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். றஷ்மியைக் கூப்பிட்டு, அவ வாயாலேயே விளக்கம் சொல்லவைத்து அனுப்பப் பார்ப்பாய். மகன், அதைத்தான் செய்யாதே, நான் உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். அந்த விளக்கத்தையும் அவள் பிரித்துப் பார்ப்பாள். றஷ்மியைக் கோபிக்கவும் வேண்டாம், அவ நல்ல மனசில் சொன்னது. இனித் தங்கச்சி கேட்டால், அதுக்கு நான் பதில் சொல்லமாட்டன் தங்கச்சி, சாப்பிட்டியா என்று கேள். பேரனுடைய பல் விழுந்த கதையைச் சொல், பனி வழித்த கதையைச் சொல், அவளோடு நிறையக் கதை. அழுவாள், உன்னைக் கல்நெஞ்சன் என்பாள், என்னையும் சொன்னவள்தான். நீ அழுதால் போனை வைத்த பிறகு அழு. ஒருவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும் மற்ற எல்லாரும் வாய்மூடி இருப்பதில் பலன் இல்லை என்று சிஸ்ரர் சொல்கிறா.

நஸீறா இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு, இதுக்கு எங்கட ஆக்கள் வஸ்வாஸ் என்டு சொல்லுற அங்கிள், எங்கட பெரியம்மா தொழுகைக்குக் கைகால் கழுவி முடிக்கமுந்தி அடுத்த தொழுகைக்குப் பாங்கு சொல்லிருவாங்க என்றா. நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு பெரியம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டேன். அவ பேனையை எடுத்து, எழுத வேண்டியதைச் சொல்லுங்கோ அங்கிள் என்றா.

இந்தக் கடிதம் தங்கச்சிக்கு ஒளித்து எழுதுவதல்ல. பின்னேரம் வெளிக்கிடும்போது சொன்னேன், அண்ணாவுக்கு எழுதுவிக்கப் போறேன் என்று. அண்ணாவும் இனிச் சொல்லமாட்டாரோ என்று கேட்டாள். நான் செருப்பைத் தேடினேன். அவளே அதை எடுத்து வாசலில் வைத்தாள். எந்தக் கையால் எடுத்தாள் என்று கண்டேன். அதை உனக்கும் சொல்லமாட்டேன், ஞாபகத்தைக் கொடுக்காதே என்றால் எல்லாருக்கும்தான்.

வியாழன் வெள்ளவத்தைக்கு வருவாளா தெரியாது. வராவிட்டாலும் நான் தனியே போய்ச் சிஸ்ரருக்கு முன்னால் இருந்துவிட்டு வருவேன். நீ குளிருக்குத் தொப்பி போடு, மோட்டு வேகத்தில் கார் ஓடாதே, பேரனுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடு. மாதாவின் அடைக்கலத்தில் உங்கள் மூன்று பேரையும் வைக்கிறேன். பதில் சொல்லாமல் இருக்கும் பலத்தை ஆண்டவர் உனக்கும் எனக்கும் தரட்டும்.

பெயர் எழுதத் தெரியாத எனக்குக் கையெழுத்தும் சிலுவைதான், உனக்குப் போடுகிற ஆசீர்வாதமும் அதுதான். நஸீறாவிடம் பேனையை வாங்கி நானே கீழே போட்டிருக்கிறேன். கோணலாகப் போய்விட்டது. அழித்துவிட்டு இன்னொன்று போடுங்கோ அங்கிள் என்றா. வேண்டாம், ஒருதரம் போட்டாயிற்று என்றேன்.

இப்படிக்கு
உன் அப்பா சூசைப்பிள்ளை

✝