பத்து எலிகளும் ஒரே முகமும்

என் செல்ல மகள் சிட்டுக்கு,

எலிகளின் மாமன்னரும், கூண்டு கழுவும் துறையின் சக்கரவர்த்தியும், உன் அப்பா போன பிறகு உன்னை வளர்த்து ஆளாக்கிய பெருமைக்குரியவருமான சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, ஒழுகும் குழாய் மூவரும் சுகம். நீ சுகம்தானா?

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொல்லப் பார்த்தேன், என் வாய் மழையைப் பற்றியே இருபது நிமிடம் பேசிவிட்டது. அதற்கு முன்பு ஒரு ராத்திரி உன்னிடம் அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா வேலை பார்க்கும் செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டும் பசை இருக்கிறதல்லவா, அதில் கலக்கும் ரசாயனம் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது. அது மரபணுவை உடைக்குமா என்று வெள்ளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நிறையக் கொடுத்த கூண்டு, கொஞ்சம் கொடுத்த கூண்டு, ஒன்றும் கொடுக்காத கூண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து. வாலில் மையால் எண் போட்டிருக்கும், அது மங்குவதற்குள் கூண்டின் அட்டையைப் பார்த்து மறுபடி எழுதுவது என் வேலை. எனக்கெதற்கு அட்டை, ஒரு லட்சம் எலி வந்தாலும் முகத்தைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்வேன் என்று மிதப்பில் எழுதாமல் விட்டேன். கூண்டு கழுவும் அன்று நிறையக் கொடுத்த ஐந்தையும் ஒன்றும் கொடுக்காத ஐந்தையும் பக்கத்துப் பக்கத்து வாளியில் விட்டேன். என் முழங்கை பட்டு இரண்டும் கவிழ்ந்து பத்தும் தொட்டிக்குள் கலந்துவிட்டன. ஒரு வாலிலும் கோடுகூட இல்லை. பத்துக்கும் ஒரே முகம், சிட்டு! நானும் ராஜகம்பீரமாக அங்கே ஐந்து இங்கே ஐந்து என்று பிரித்துப் போட்டு, எண்ணும் எழுதிவிட்டேன்.

பிறகு எலிகளைக் கொன்று எலும்பு மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆயிரக்கணக்கில் செல்களை எண்ணினார்கள். மரபணு உடைந்திருந்தால் செல்லுக்குள் சின்னப் புள்ளியாக ஒரு துண்டு தனியே கிடக்கும். ஒன்றும் கொடுக்காத எலிகளிலும் சிலவற்றில் புள்ளி, நிறையக் கொடுத்தவற்றில் சில சுத்தம். பரிசோதனையை நடத்தும் டாக்டரம்மா குழம்பிப்போய், இதை வைத்துப் பாதிப்பு என்று எழுத முடியாது போலிருக்கிறதே என்றார். அன்று சாயங்காலம் உன் அம்மா வழக்கம்போல் பசை நெடியோடு நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவர் காதில் விழாதபடி மாடிக்கு ஓடினேன். உனக்குப் போன் போட்டு அழுதுகொண்டே நூறு சாக்கு அடுக்கினேன், நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "சித்தப்பா, நாளைக்கும் அம்மா அந்தப் பசையைத்தானே தொடப் போறாங்க?"

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீரமாக நின்றேன் என்று எழுத ஆசைதான், ஆனால் ஒரு காலிக் கூண்டைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவரோ ஒரு கூண்டின் அட்டையை உருவி என் கையில் கொடுத்து, "இனிமே மூஞ்சியைப் பாக்காதீங்க, அட்டையைப் பாருங்க, போங்க" என்றார். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். முழுப் பரிசோதனையும் முதலிலிருந்து நடந்தது. இந்த முறை சந்தேகமே இல்லை, நிறையக் கொடுத்த ஐந்திலும் புள்ளிகள், கொடுக்காத ஐந்தும் சுத்தம். தொழிற்சாலையில் அந்தப் பசையை நிறுத்திவிட்டார்கள். புதுப் பசை காய்வதற்குள் கிழவியாகிவிடுவேன் என்று உன் அம்மா திட்டுகிறார், ஆனால் தலைவலி இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இப்போதைக்கு ஒன்றுமில்லையாம், வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ அந்த ஒரே கேள்வியால் என்னைப் பிடித்த பிடியில்தான் இதெல்லாம் நடந்தது, அம்மாவிடம் நான் அழுததை மட்டும் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மறக்காமல் போன் செய். வேளாவேளைக்குச் சாப்பிடு, நூறு வருடம் குறையில்லாமல் இரு.

இன்னொன்று. என் மிதப்பால் பதினைந்து எலிகள் அதிகமாகப் போயின. இதில் மிகை இல்லை, எண்ணிச் சொல்கிறேன். கடைசி நாள் ஒவ்வொன்றின் எண்ணையும் வாய்விட்டுப் படித்துத்தான் டாக்டரம்மா கையில் கொடுத்தேன். அவற்றுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்படிக்கு,
அட்டையைப் பார்க்கும் உன் சித்தப்பா