நேரில் வந்து சொன்னால்தான் பெட்டி

கீரனூர்
3-3-2025

திருமதி சத்யா அவர்களுக்கு,

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவோர் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு எழுதுவது. நலம். நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். வீட்டுக்காரர் பிரசாந்த் காலமான பிறகு, பொன்னமராவதியில் நீங்களே வண்டி ஓட்டிப் பெட்டி கொண்டுபோவதாக அறிந்தேன். துணிச்சல்தான். ஆனால் நீங்கள் கேட்டிருந்தபடி உங்களைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்க இயலாது. போனில் சொன்னால் பின்னால் மாற்றிப் பேசுவார்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

நம் சங்கத்துக்கு விதி உண்டு. வக்கீல் எழுதியதல்ல, நானே எழுதியது. ஆஸ்பத்திரி ஆட்களுக்குக் காசு கொடுத்துத் துப்பு வாங்கக் கூடாது. அழுகிற வீட்டில் வாடகை பேசக் கூடாது. அழைப்பு வந்தால் அதே எண்ணுக்குத் திருப்பி அழைத்து உறுதி செய்த பிறகே பெட்டியை வண்டியில் ஏற்ற வேண்டும். குன்றாண்டார்கோவிலில் ஆண்டியப்பன் என்ற பெரியவர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் வண்டி வாசலில் நின்றிருக்கிறது. “யாருக்குப் பெட்டி?” என்று அவரே கேட்டிருக்கிறார். வண்டியைத் திருப்புவதற்குள் சாய்ந்துவிட்டார். இன்னும் இரண்டு வீடுகளில் இதே புகார். யாரிடம் துப்பு வாங்குகிறீர்கள்?

இப்படிக்கு,
அய்யாக்கண்ணு


பொன்னமராவதி
10-3-2025

மதிப்பிற்குரிய அய்யாவுக்கு,

சத்யா வணக்கத்துடன் எழுதுவது. நான் யாருக்கும் காசு கொடுத்ததில்லை. என்னிடம் இருப்பது ஒரே பெட்டி. சித்திரை வெயிலில் அதன் மிஷின் நின்றுபோனால், உறுப்பினர் அல்லாதவளுக்கு யாரும் மாற்றுப் பெட்டி தரமாட்டார்கள். அடுத்தவர் வீட்டுப் பிணத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடுவேன்?

குன்றாண்டார்கோவிலிலிருந்து அழைப்பு வந்ததும் திருப்பி அழைத்தேன். “ஆமாத்தா, பெட்டியக் கொண்டாந்துரு. வெயிலு ஏறுது, புள்ளைக வந்து சேர சாயங்காலமாயிரும்” என்றது ஒரு குரல். வாசலில் “யாருக்குப் பெட்டி?” என்று கேட்டதும் அதே குரல்தான் அய்யா. தான் போன் பண்ணியது அவருக்கே தெரியவில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது எப்படி? நீங்களே சொல்லுங்கள்.

பணிவுடன்,
சத்யா


கீரனூர்
17-3-2025

சத்யாவுக்கு,

நல்ல கதை. சாகப் போகிறவன் தன் பெட்டிக்குத் தானே சொல்லிவைப்பானா? கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்தபோது, “தலைவரே, வாடகையையும் அவரே முன்கூட்டிக் குடுத்துட்டாராமா?” என்று கேட்டான் நம் சங்கத்துக் கவியரசன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனியாகப் பிழைக்கிறவள் என்பதால் ஒரு வாய்ப்புத் தருகிறேன். இனி போனை நம்பாதே. அந்த வீட்டு ஆள் நேரில் வந்து சொன்னால்தான் பெட்டி ஏற்றுவேன் என்று வாக்குக் கொடு. ஆவணிக் கூட்டம் வரை அதைக் காப்பாற்றினால் சேர்த்துக்கொள்கிறோம். யார் வீட்டுக்கும் விலக்கு இல்லை. என் வீட்டுக்கும்தான்.

அய்யாக்கண்ணு


பொன்னமராவதி
18-6-2025

மதிப்பிற்குரிய அய்யாவுக்கு,

கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன். வருமானம் பாதியாகிவிட்டது. அழுதுகொண்டிருக்கிற வீட்டிலிருந்து யார் பஸ் ஏறி என் கடைக்கு வருவார்கள்? அது போகட்டும்.

நேற்று ஓர் அழைப்பு. உங்கள் கடிதத் தாளின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் எண். “சொர்ணவல்லி பேசுறேன். கீரனூர்ல எங்க வீட்டுக்கு ஒரு பெட்டி வேணும் ஆத்தா. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம, வெயிலு ஏறுறதுக்குள்ள வந்துரு. எங்க வீட்டுக்காரரு வீம்புக்காரரு, வாயத் தொறந்து கேக்க மாட்டாரு” என்றார். திருப்பி அழைத்தேன். அவரே எடுத்து, “நம்பலைன்னா கடுதாசி போட்டுக் கேளு. அவருக்குக் கடுதாசின்னாத்தான் நம்பிக்கை” என்று சிரித்தார்.

நேரில் ஆள் வராமல் நான் பெட்டி ஏற்ற மாட்டேன். ஆனால் இதுவரை போனில் பேசியவர்கள்தான் போயிருக்கிறார்கள். தயவுசெய்து உங்கள் வீட்டம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள்.

சத்யா


கீரனூர்
21-6-2025

சத்யாவுக்கு,

சொர்ணவல்லி இறந்து மூன்று வருடமாகிறது. அவளுக்குப் பெட்டி கொண்டுவந்ததே நான்தான். அந்தப் போனின் ஒயரைச் சாலையை அகலப்படுத்தும்போது அறுத்துவிட்டார்கள். அச்சடித்த தாளை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே எழுதிவருகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும், அலமாரியில் கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லை. ஆனால் ரிசீவர் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் பேசிவிட்டு வைத்த மாதிரி.

வீம்புக்காரன் என்றாளா? உயிரோடு இருந்தபோதும் ஊரெல்லாம் இதைத்தான் சொல்லித் திரிந்தாள். மூன்று வருடமாக எனக்கு ஒரு வார்த்தை இல்லை. பொன்னமராவதிக்கு மட்டும் போன் போடத் தெரிகிறது.

தலைவன் வீடு என்றும் பாராமல் நீ வாக்கைக் காப்பாற்றினாய். ஆவணி வரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கவியரசனிடம் சொல்லியிருக்கிறேன், மாற்றுப் பெட்டி எப்போது கேட்டாலும் தருவான்.

விதியை மாற்ற மாட்டேன். வீட்டு ஆள் நேரில் வந்து சொன்னால்தான் பெட்டி. மகன் வெற்றிச்செல்வன் அபுதாபியில் இருக்கிறான். இந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஆகவே வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வந்து சொல்லிவிட்டுப் போகிறேன். சான்றிதழும் கையோடு கொண்டுவருகிறேன். கடையைப் பூட்டிவிட்டு எங்கேயும் போய்விடாதே.

அய்யாக்கண்ணு