எல்லா சுவிட்சுக்கும் ஒரே நிரல்

பிப்ரவரி 6

அன்பு வாலுவுக்கு,

நலம். சாப்பிட உட்கார்ந்தாலே அம்மா, "மருமக எப்ப வர்றா?" என்கிறார். நீ தலைமை அலுவலகம் போனதிலிருந்து உன் கடிதம் முழுக்க உன் மேலதிகாரி அந்தத் தாடிக்காரர் புராணம்தான். நம் மருத்துவமனைக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் மாடிக்கு ஒரு கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. இத்தனை வருஷமாக ஒவ்வொன்றாகத் திறந்து நான்தான் கட்டளை அடிக்கிறேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நிரல் எழுத அவர்தான் வேண்டுமா? அவர் வாங்கித் தரும் காபி அவ்வளவு ருசியோ?

உன் உம்மணாமூஞ்சி

பிப்ரவரி 11

என் உம்மணாமூஞ்சிக்கு,

அவர் பேரன் எடுத்தவர்! காபி வாங்கித் தருவது நான். நிரல் எழுதுவதும் நான்தான். அவர் மேற்பார்வை மட்டும். முதல் சோதனைக்கு நம் மருத்துவமனையையே கேட்டு வாங்கினேன், நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில். நிரலை இணைத்திருக்கிறேன். மூன்றாம் மாடி சுவிட்சுகளோடு எனக்குப் பழக்கமில்லை, உனக்கு அத்துப்படி. படித்துவிட்டு நன்றாகத் திட்டு. ஞாயிறு காலை ஓட்டுகிறோம். முடிந்ததும் ஒரு வாரம் வீட்டில்தான் இருப்பேன்.

உன் வாலு

பிப்ரவரி 14

வாலுவுக்கு,

படித்தேன். சொல்ல ஒன்றுமில்லை. மேலாளர் எல்லார் முன்னாலும், "உங்க வீட்டம்மா பெரிய ஆளுதான் சார், இனிமே உங்களுக்கு ரெஸ்ட்டு" என்றார். நானும் சிரித்து வைத்தேன். ஜமாய்.

நான்

பிப்ரவரி 20

உனக்கு,

ஞாயிறன்று மூன்றாம் மாடி முழுக்க இணைப்பு அறுந்ததை நீயே பார்த்தாய். ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நர்ஸுகள் படியேறி ஓடினார்களாம். புது ஸ்கேன் அறையின் இணைப்பையும் சேர் என்று நான் எழுதிய வரி, அந்தக் கம்பெனி சுவிட்சில் 'இதை மட்டும் வை, மற்றதை எடு' என்றாகிவிட்டது.

சரிசெய்யும்போது போனில் உன் பக்கத்து மேசைக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார்: "சார் முன்னாடியே பாத்துட்டாரே மேடம். 'இந்த வரி மூணாவது மாடியைக் கவுத்துடும் பாரு'ன்னு சிரிச்சாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு, நான்தான் கவனிக்கல" என்றேன்.

பிழை என்னுடையதுதான். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது வலிக்கவில்லை. உன் பொறாமை தாடிக்காரர் மேல் என்று நம்பி, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டிருந்தேன். என் மேல் என்று தோன்றவே இல்லை.

திருத்திய நிரலை உனக்கு அனுப்பவில்லை. நானும் வரவில்லை. அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன்.