என் இரண்டு சண்டியர்கள்

12-2-1978, ஞாயிறு

காப்பிக் கொட்டையை வாசலில் காயப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அண்ணன் ஆட்கள் வந்து எங்கள் ஜீப்பின் டயர் நான்கையும் கிழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசல் முழுக்கக் கால் தடம். ஆனால் ஒரு தடம்கூடக் கொட்டை மேல் இல்லை. ஓரமாகச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறார்கள். "தங்கச்சி காயப் போட்டது, மிதிச்சுப்போடாதீங்கடா" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறயா? உங்கொண்ணன் கையை ஒடிச்சு அடுப்புல வெக்கலீன்னா நான் அங்கப்பன் இல்ல" என்றார் இவர்.

"ஒடிக்கப் போறதுக்கு மொதல்ல டயர் வேணுமுங்களே" என்றேன்.

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மத்தியானம் பசி தாங்காமல் வந்து, தானே போட்டுத் தின்றார்.

15-2-1978

எதற்கு இந்தச் சண்டை என்று எனக்கு நானே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது விளங்குகிறதா பார்ப்போம்.

ஐயாக்கண்ணு அண்ணனும் இவரும் மாடு மேய்த்த காலத்திலிருந்து சோடி. எனக்கு மாப்பிள்ளை தேடி அண்ணன் எங்கேயும் அலையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவரைக் கை காட்டினான், அவ்வளவுதான். மதுவிலக்கு வந்ததும் சேலத்தில் சாராயத்துக்கு ஆலாய்ப் பறந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து காய்ச்சினார்கள், லாரி டியூபில் நிரப்பி அடிவாரத்தில் இறக்கினார்கள். அதற்கப்புறம்தான் அடிவாரம் யாருக்கு என்று வந்தது. அடிவாரம் எவன் கையில் இருக்கிறதோ அவன் கையில் சேலம். இப்போது மேலே எங்கள் மஞ்சக்குட்டையில் இவர் ராஜா, கீழே அடிவாரத்தில் அவன் ராஜா. காய்ச்சுகிறவருக்கு இறக்க வழி இல்லை, இறக்குகிறவனுக்குக் காய்ச்ச இடம் இல்லை. இரண்டு வருஷமாக வெட்டு, குத்து. ஒரு ஜீப் எரிந்தது. இவருக்குத் தோள்பட்டை இறங்கியது. அண்ணனுக்குப் புருவத்தின் மேல் தையல்.

சாராயம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒரு நாள் எவனாவது வந்து வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். அப்போது நான் எந்த ஊட்டுக்குப் போய் அழுவேன்? என் தாலியை அறுத்தவன் அண்ணன் என்றா? என் அண்ணனைத் தின்றவர் புருஷன் என்றா? ரெண்டுல எது நடந்தாலும் எனக்குப் போக எடமில்ல. இந்த ரெண்டு முட்டாளுங்களுக்கு இது ஏன் தெரிய மாட்டேங்குது?

21-2-1978

ஜீப்புக்கு டயர் வந்துவிட்டது. அண்ணன் ஜீப்பில் பார்த்த டயர் மாதிரியே இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை.

6-3-1978, திங்கள்

ஓடையில் துணி துவைக்கும்போது கண்ணாயி கேட்டுவிட்டாள். "ஏன் பாவாயி, பொட்டப்புள்ளைக்கு அஞ்சு வயசாகப் போகுது, இன்னும் காது மூளியாவே கெடக்குதே?"

என் மகள் முத்தாயி பக்கத்தில் நின்று காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதுதானே முறை? மாமனோ அடிவாரத்தில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறான்.

இவரிடம் சொன்னேன். "எங்க பெரியப்பா மடியில உக்கார வெச்சுக் குத்திப்போடலாம்" என்றார்.

"உங்க பெரியப்பா எனக்குக் கூடப் பொறந்தவருங்களா?"

"அப்படீன்னா காதே குத்த வேண்டாம்."

"வேண்டாமுங்க. கல்யாணத்தன்னைக்கும் மூளிக் காதோட உக்காரட்டும். கேக்கறவங்களுக்கு, அப்பனுக்கும் மாமனுக்கும் சாராயச் சண்டைன்னு நானே சொல்லிக்கறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இவர் துண்டை உதறினால் சொன்னது உறைத்துவிட்டது என்று பொருள்.

19-3-1978

செல்வமேரியைப் பார்க்க எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏற்காட்டில் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது அங்கே நர்ஸ். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் கட்டுப் போடுவது அவள்தான்.

"இந்தப் பெஞ்சு உம் புருசன் ஆளுங்க, அந்தப் பெஞ்சு உங்கொண்ணன் ஆளுங்க. எந்திரிச்சு எடம் மாறி உக்காந்தா ஊசிய எடுத்துருவேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். எல்லாம் பூனைக்குட்டியாட்டம் உக்காந்திருக்கறானுங்க" என்றாள்.

தூது போகச் சம்மதித்தாள். கும்பிடத் தோன்றியது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

2-4-1978

தூது நடக்கிறது.

இவர்: "வரட்டும். ஆனா தனியா வரோணும்."

அண்ணன்: "தனியா வர்றதுக்கு நான் தாய்மாமனா, கோழி திருட வர்றவனா?"

இவர்: "நாலு ஆளு வரட்டும்."

அண்ணன்: "சீர்த்தட்டத் தூக்கவே நாலு ஆளு பத்தாது. நானென்ன, எந்தங்கச்சி புள்ளைக்கு ஒரே ஒரு தட்டா கொண்டாருவேன்?"

செல்வமேரிக்குக் கால் தேய்ந்துவிட்டது. "எங்க சாமியாருகூட இத்தனை பஞ்சாயத்துப் பண்ண மாட்டாரு" என்கிறாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. தட்டு எத்தனையோ அத்தனை ஆள். யார் இடுப்பிலும் கத்தி இருக்கக் கூடாது. ஜீப்பை மலை ரோட்டு வளைவிலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்து நடந்து வர வேண்டும்.

நான் என் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன். "மேளத்தோட வரச் சொல்லு மேரி. எங்கண்ணன் திருட்டுத்தனமா வந்துட்டுப் போனான்னு ஒருத்தரும் பேசக் கூடாது."

17-5-1978

நாளைக்கு. பூ வந்துவிட்டது, கிடா வந்துவிட்டது. இவர் இன்னும் முகம் மழிக்கவில்லை. மாரியாத்தா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

18-5-1978, வியாழன்

வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

அண்ணன் வந்தான். முன்னால் பறையும் நாதஸ்வரமும், பின்னால் சீர்த்தட்டுகள். வெள்ளை வேட்டி. எப்போதும் வெட்டப் போகிறவன் மாதிரி நடக்கிறவன், இன்று பட்டுப் பாவாடைத் தட்டை ஏந்திக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி அடி எடுத்து வைத்தான். கோயில் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து முத்தாயியை மடியில் வாங்கினான்.

"சாமி, மாமன் இருக்கறேனில்ல, அழப்படாது."

ஆசாரி ஊசியை எடுத்தார். முதலில் அழுதது அண்ணன்தான்.

இரண்டாவது காதும் குத்தி முடித்த நேரம். இவருடைய ஆள் சித்தன், சாராயம் காய்ச்சுகிற ஓடையிலிருந்து மூச்சு இரைக்க ஓடி வந்தான். "எல்லாத்தையும் கவுத்துப்போட்டமுங்க. ஒரு பானை பாக்கி இல்லீங்க. போலீஸ் எங்கீங்க?"

எங்கே போலீஸ்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தபோது உயிரே போய்விட்டது. வளைவில் கொட்டுச் சத்தம் கேட்டால் போலீஸ் வருகிறது என்று அர்த்தம். தகர டின்னோ, பறையோ, எதுவாக இருந்தாலும் கேட்டவுடன் ஊறல் பானைகளைக் கவிழ்த்துவிட்டு ஓட வேண்டும். அது அவர்கள் தொழில் கட்டளை. இன்றைக்கு வரப்போவது சீர் மேளம் என்று ஓடையில் இருந்தவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. திருவிழாவுக்கு என்று ஊறப் போட்டிருந்த அத்தனையும் ஓடையோடு போய்விட்டது.

இவர் முகம் கறுத்தது. "கொட்டடிச்சா கவுத்தோணும்ங்கற ஏற்பாட்டப் போட்டதே நீயும் நானுந்தானே? தெரிஞ்சேதானே கொட்டடிச்சுக்கிட்டு வந்தே?"

"சத்தியமா நெனப்பே இல்ல மாப்ள—"

யார் இடுப்பிலும் கத்தி இல்லைதான். ஆனால் கிடா வெட்டின கொடுவாள் அங்கேயே கிடந்தது. இவர் எடுத்துவிட்டார். அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டு பக்கத்து ஆட்களும் நெருங்கி வந்தார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது? "அண்ணா, எந்திரிக்காதே! புள்ளைய மடியில இருந்து எறக்குனே, நான் செத்தேன்!" என்று கத்தினேன்.

அண்ணன் அப்படியே உட்கார்ந்தான். பிள்ளை அந்த மடியில் இருக்கிற வரைக்கும் இவர் கை ஓங்க மாட்டார். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்து கொடுவாளை முட்டி மேல் வைத்துக்கொண்டார்.

"எறக்கித்தானே ஆவோணும். எத்தன நேரம் உக்காந்திருப்பேன்னு பாக்கறேன்."

முத்தாயி தேம்பித் தேம்பி அந்த மடியிலேயே தூங்கிப்போனாள். வெயில் ஏறியது. கறிச்சோறு தயாராகிவிட்டது. வாசனை வந்த பிறகு எந்தச் சண்டியன்தான் நின்றுகொண்டே இருப்பான்? இரண்டு கட்சி ஆட்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்றார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

நான் இவர் முன்னால் போய் நின்றேன். "மேளம் நாந்தாங்க கேட்டு உட்டேன். எங்கண்ணன் கௌரவமா வரோணும்னு மேரிகிட்டச் சொல்லி உட்டது நானு. உங்க ஏற்பாடு எனக்கென்னங்க தெரியும்? வெட்டறதுன்னா என்னைய வெட்டுங்க."

என்னைப் பார்த்தார். கொடுவாளைக் கீழே வைக்கவில்லை. முத்தாயி காதில் ரத்தம் பொட்டாக நின்றது, அதன் மேல் ஈ மொய்க்க வந்தது. இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டை வீசி ஓட்டினார். மறுபடி வந்தது. மறுபடி ஓட்டினார். பிறகு கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"தலையச் சரியாப் புடிடா. காது உஞ்சட்டையில ஒரசுது."

இரண்டு வருஷம் கழித்து ஒரு 'டா'!

"புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன். காலு மரத்துப்போச்சுடா மாப்ள."

"அசையாதே. தூங்கறா."

"எனக்கு ஒண்ணுக்கு வருதுடா."

பந்தியில் எவனோ களுக்கென்று சிரித்தான். இவர் அவனைத் திரும்பி முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு உதடு கோணியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கொடுவாளைப் போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கினார். அண்ணன் எழுந்தான், கால் நிற்கவில்லை, அப்படியே சரிந்தான். இவர் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அவனுமாகத் தாங்கிக்கொண்டு நின்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அடப் பாவிகளா, இதுக்கா ரெண்டு வருசமா என்னையக் கொன்னீங்க?

24-5-1978

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. சமாதானம் ஆகிவிட்டார்கள். சரி. இனிமேல் இவர் காய்ச்ச, அவன் இறக்கப் போகிறானாம்! பழையபடி கூட்டு. மலையிலிருந்து சேலம் வரைக்கும் ஒரே ராஜாங்கமாம். இருவரும் என் அடுப்படியில் உட்கார்ந்து, நான் சுட்ட தோசையைத் தின்றுகொண்டே பேசுகிறார்கள்.

தோசைக் கரண்டியோடு திட்டினேன். "நிறுத்தறோம் கண்ணு" என்றான் அண்ணன். "நிறுத்திப்போடலாம்" என்றார் இவர். ஒரே மாதிரி தலையாட்டினார்கள். ஒரே மாதிரி பொய்.

9-8-1978

அண்ணன் தினம் வருகிறான். முத்தாயிக்குத் தோடு வாங்கி வந்தான். இவர் அதைவிடப் பெரிய தோடு வாங்கி வந்தார். இப்போது இதில் போட்டி.

இப்போதெல்லாம் ஜீப் சத்தம் கேட்டால் அண்ணன் ஆட்களோ என்று பயப்படுவதில்லை. போலீஸோ என்று பயப்படுகிறேன்.

3-10-1978

பிடித்துவிட்டார்கள். இரண்டு பேரையும்.

சித்தன் தப்பித்து வந்து சொன்னான். விடிகிற நேரத்தில் போலீஸ் ஓடையைச் சுற்றி வளைத்திருக்கிறது. இவர் எஸ்டேட் வேலியைத் தாண்டி மேல் ரோட்டுக்கே போய்விட்டாராம். திரும்பிப் பார்த்தால் அண்ணன் பாறையில் கால் மடங்கிக் கிடக்கிறான்.

"மறுபடி கீழ எறங்கி ஓடுனாருங்கக்கா. 'ஓடிப் போயிருடா மாப்ள, உம் பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாரு'ன்னு உங்கொண்ணன் கத்தறாரு. இவரு, 'அவளுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்'னு சொல்லிக்கிட்டே அவரத் தோள்ல தூக்கிக்கிட்டாரு. பத்தடி வெக்கலீங்க, புடிச்சுட்டாங்க."

நான் சித்தனைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவன் மறுபடி சொன்னான். இவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மூன்றாவது தடவையும் கேட்டேன்.

13-11-1978, திங்கள்

கோர்ட்டில் ஆறு மாசம் போட்டார்கள். சேலம் ஜெயில். இன்று முத்தாயியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே அறை. இளைத்துத்தான் இருக்கிறார்கள், ஆனால் வாய் இளைக்கவில்லை.

"உங்கொண்ணன் கொறட்டையில செவுரே அதுருது, பாவாயி."

"கண்ணு, இவன் எம் போர்வையையும் சேத்துப் போத்திக்கறான்."

"ஓடப் பக்கம் இருந்த பானை அத்தனையும் ஆளு உட்டு ஒடைச்சுப்போட்டனுங்க" என்றேன். "அந்த எடத்துல ராகி வெதைச்சாச்சு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெளிய வந்து புதுசு வாங்கிக்கலாம் மாப்ள" என்றான் அண்ணன் மெதுவாக. "அதையும் ஒடைப்பா. நீ சும்மா இரு" என்றார் இவர்.

பஸ் ஏறி வரும்போது அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. ஊரில் எல்லோரும் "ஐயோ பாவம், புருசனும் உள்ள, அண்ணனும் உள்ள" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். நானும் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஆனால் இன்று பொழுது சாய்ந்த பிறகு வாசலில் எத்தனை பேர் நடந்தார்கள், எந்த ஜீப் எங்கே நின்றது, எதையுமே நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். நாளைக்கும் தெரியும். முத்தாயிக்கு ஊட்டிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.